உப்புமண்டி முடுக்கில் கருப்பட்டி இளைத்த கதை

ஆவுடையப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவர் வளர்த்த நாய் கருப்பட்டி ஒரு சாண் அகலம் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். அப்படியே சாண் சாணாகக் கூடிக் கூடி, மாதம் இரண்டு போவதற்குள் முடுக்கின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே வைக்கோல் வண்டி கவிழ்ந்து கிடக்கிற மாதிரி அது படுத்துக்கிடந்தது.

உப்புமண்டிக்குப் பின்னால் போகிற சந்துக்குத்தான் முடுக்கு என்று பேர். பதினோரு வீடு, ஒரு ஆட்டோ முக்கி முனகி நுழைகிற அகலம், அவ்வளவுதான். அந்த அகலத்தை நாய் எடுத்துக்கொண்டதும் ஆட்டோ முனையிலேயே நின்றுகொண்டது, பால்காரர் சைக்கிளை மண்டிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேனைத் தோளில் வைத்து வந்தார், தபால்காரர் தலைப்பக்கத்து ஐந்து வீட்டுத் தபாலைக் காலையிலும் ஊரைச் சுற்றி வந்து வால்பக்கத்து ஆறு வீட்டுத் தபாலை மதியத்திலும் கொடுத்தார், பெண் பார்க்க வருகிறவர்கள் போனில் வழி கேட்டால், "தலைப்பக்கமா வந்துருங்க, வால்பக்கம் சாக்கடை தோண்டிப் போட்டிருக்கு" என்று பதில் போனது. பக்கத்து வீட்டுப் பிரமு அதன் முதுகில் வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் ஊற்றினாள். வெயில் மேலேயிருந்தும் நாயின் சூடு கீழேயிருந்தும் காய்ச்ச, இரண்டு நாள் காய்கிற வற்றல் அரை நாளில் கலகலத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டியவர்கள் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "கொஞ்சம் மூச்சை விடு கருப்பட்டி" என்று சொல்வார்கள். அது பெருமூச்சாக ஒன்று விடும், வயிறு ஒரு முழம் உள்ளே வாங்கும், அந்த இடைவெளியில் ஆள் புகுந்து போய்விடலாம்.

போகிறவர்கள் சும்மா போவதில்லை. ஆளுக்கு ஒரு வாய், என்னவாவது அதன் வாயில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். முனையில் பரோட்டாக் கடை வைத்திருந்த நவாஸ் சால்னாவில் ஊறின பரோட்டா. எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் தேங்காய் பன். பிரமு தயிர்சாதம், வற்றல், பலகாரம் போட்ட நாளில் பலகாரம். கருப்பட்டி எதையும் வேண்டாம் என்றதில்லை. ஏன் போடுகிறோம் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டதும் இல்லை, போடும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததும் இல்லை. முக்கியமாக, ஆவுடையப்பனின் மருமகள் வடிவு வாசலில் நின்றால் அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அவளும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோரும் நாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். அதற்கு அவ்வளவு பெரிய நாய் வசதியாகவும் இருந்தது.

வடிவு மூன்று வேளையும் போட்டாள். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, குண்டான் குண்டானாக, கையாலேயே உருட்டி உருட்டிப் போட்டாள். ஊருக்குப் பாசம் மாதிரித் தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியும், அந்த நாயின் கழுத்தைச் சுற்றி, ரோமம் கொட்டி, தோல் தடித்து, விரல் கனத்துக்கு ஒரு தடம் இருந்தது என்பதும், ஒரு குண்டான் சோறு போட்டால் அது ஒரு நூல் உள்ளே போகிறது என்பதும், ஆடி பிறந்தபோது கழுத்து மடிப்புக்குள் கையை விட்டுத் தேடினாலும் அது அகப்படவில்லை என்பதும். அகப்படாத அன்றைக்கு அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்டவுடனே அந்த மூச்சுக்காகவும் கூசிப்போனாள்.

அந்தத் தடம் எப்படி வந்தது என்றால், சொல்லத்தான் வேண்டும்.

ஆவுடையப்பன் உப்புமண்டியில் சுமை தூக்கினவர். இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு பீடியும் புகைத்துக்கொண்டு நடப்பார். பெண்டாட்டி போன பிறகு ஒரே மகன் தளவாயோடும் மருமகளோடும் இருந்தார். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற தளவாய் காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். ஒருநாள் மண்டியிலேயே கையும் காலும் இழுத்துக்கொண்டு கிழவர் விழுந்தார், அன்றைக்குக் கட்டிலில் படுத்தவர் பதினான்கு மாதம் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பைப் புரட்டுவதும், துடைப்பதும், துணி மாற்றுவதும், அந்தத் துணியைத் துவைகல்லில் அடித்துத் துவைப்பதும் எல்லாம் வடிவு ஒருத்தி. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. முதுகு விட்டுப்போய்ப் பிரமு வீட்டுப் படியில் உட்கார்ந்து அவள் அழுத ஒருநாள், பிரமு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கொஞ்சம் லேசா வச்சுக்கோ வடிவு. உள்ளே போறது குறைஞ்சா வெளியே வாறது குறையும். எங்க அத்தைக்கு நானும் அப்படித்தான் செஞ்சேன். எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான், யாரு வாயைத் திறந்து சொல்லுதா?"

அதிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் அளவாயிற்று. காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, பொழுது சாய ஒரு டம்ளர். பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் அரை. வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவாள், பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குடித்து முடித்து, விரலை விட்டு வழித்து, அதற்கும் பிறகு கிழவர் நல்லாயிருந்த கையால் அந்த டம்ளரைக் கட்டில் காலில் தட்டுவார். டங், டங், டங். "தாயி, இன்னும் ஒரு வாய்" என்று வாய் கோணிக்கொண்டு வரும். தட்டுகிற சத்தம் பதினோரு வீட்டுக்கும் கேட்கும். கேட்டவுடனே பதினோரு வீட்டிலும் டி.வி. சத்தம் கொஞ்சம் கூடும்.

கருப்பட்டி அப்போது சாதாரண நாய்தான், கருப்பட்டி நிறத்தில், விலா தெரிய. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். டம்ளர் சத்தம் நிற்காத ஒருநாள் அது எழுந்து வெளியே போய், நவாஸ் கடையில் ஒரு பன்னைக் கவ்விக்கொண்டு வந்து, ஒரு பல் படாமல் கிழவரின் கைக்குள் வைத்தது. மறுநாள் ஒரு இட்லி. அதற்கு மறுநாள் அரைப் பரோட்டா. அளந்து ஊற்றின கஞ்சிக்கு மேலே துணி ஏன் நனைகிறது என்று வடிவுக்கு ஒரு வாரம் விளங்கவில்லை. விளங்கின அன்றைக்கு, வாயில் இட்லியோடு வாசலில் நின்ற நாயை விளக்குமாற்றால் அடித்து, புதுப் பச்சை நைலான் கயிற்றை அதன் கழுத்தில் மாட்டி, கொல்லையில் துவைகல்லோடு கட்டினாள். உள்ளே டம்ளர் தட்டும், வெளியே நாய் இழுக்கும். தட்டத் தட்ட இழுக்கும். இருபத்தாறு நாள் இழுத்தது. இருபத்தேழாம் நாள் காலையில் தட்டுகிற சத்தம் இல்லை.

இரண்டு மூட்டை சுமந்தவரின் பாடைக்கு ஆறு பேர் தோள் கொடுக்க வந்தார்கள். தூக்கினவுடனே ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர், "ரெண்டு பேரே போதும் போலருக்கே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வடிவு உள்வாசலில் தலைவிரிகோலமாக நின்றுகொண்டிருந்தாள், அது அவள் காதில் விழுந்தது, அழுகை அப்படியே நின்றுபோனது.

அன்றைக்குச் சாயங்காலம் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். நைலான் எரிகிற நாற்றம் மூன்று நாள் வீட்டில் இருந்தது.

இப்படித்தான் கருப்பட்டி பெருத்தது.

ஆவணி பிறந்து ஒரு காலை, "கொஞ்சம் மூச்சை விடு கருப்பட்டி" என்று பால்காரர் சொல்ல, அதனால் விட முடியவில்லை. வாங்கின மூச்சு உள்ளேயே நின்று கொரகொரத்தது, நாக்கு நீலம் பாய்ந்து தொங்கியது, கண் மட்டும் மேலும் கீழும் போனது. மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி வைத்து முதுகில் ஏறினாள். வற்றலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு குழாயை வைத்து அங்கே கேட்டாள், இங்கே கேட்டாள், வெகுநேரம் தேடித்தான் சத்தத்தைக் கண்டுபிடித்தாள். இறங்கி வந்து சீட்டில் "உடல் பருமன்" என்று எழுதினாள்.

"இவ்வளவு உடம்புக்கும் உள்ளே இருக்கிறது பழைய இதயம்தான், எலுமிச்சங்காய் அளவு. அதால இதைச் சுமக்க முடியலை. இப்படியே போட்டீங்கன்னா ஒரு மாசம் தாங்காது. என்ன போடுறீங்க?"

பதினோரு வீட்டு ஆட்களும் தரையைப் பார்த்தார்கள்.

"சும்மா சொல்லுங்க, அடிக்க மாட்டேன்."

"பரோட்டா," என்றான் நவாஸ். "ஓரம்தான் டாக்டரம்மா. கொஞ்சம் நடுவும்."

"பன்," என்றாள் ஜெபமணி டீச்சர். "ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்."

"நான் என்னத்தப் போட்டேன், தயிர்சோறுதானே," என்று பிரமு ஆரம்பித்து, "அப்புறம் முறுக்கு, அதிரசம், சீனிச்சேவு…" என்று குரல் தேய்ந்து போனாள்.

வடிவு கையில் இருந்த நெய்ப் பிசுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவளையே பார்த்துச் சொன்னாள்:

"அரிசி, எண்ணெய், இனிப்பு மூணும் இனி கிடையாது. பூசணிக்காய், சுரைக்காய், பீன்ஸ், உப்புப் போடாம அவிச்சு, தோலுரிச்ச கோழி ரெண்டு துண்டு பிச்சுப் போட்டுக் குடுங்க. நாய் பெரிசா இருக்கேன்னு பாக்காதீங்க. உள்ளே பழைய நாய்தான் படுத்திருக்கு, அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். ஒரே ஆளு போடணும், அளந்து போடணும். வீட்டுல ஒரு டம்ளர் இருக்கும்ல? காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. அழும். அழுதா மனசு இளகிறாதீங்க."

டம்ளர் என்ற சொல்லைக் கேட்டதும் வடிவு குனிந்துகொண்டு சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டின தலை நிமிரவில்லை.

முடுக்கே கூடிச் சத்தியம் செய்தது. நவாஸ் கடைமேல் அடித்தான், டீச்சர் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்தாள், பிரமு தன் பிள்ளைகள் தலையில் அடித்தாள். அன்றைக்கு மத்தியானம் வடிவு ஒரு கிண்ணியில் குத்துமதிப்பாகப் பூசணிக்காயை வைத்துவிட்டு உள்ளே போனாள். நாய் ஒரு வாயில் அதை முடித்தது. முடித்துவிட்டு வாலைத் தூக்கிச் சுவரில் அடித்தது. தூண் தண்டி வால். தொம், தொம், தொம். பதினோரு வீட்டுச் சுவரும் அதிர்ந்தது, பாத்திரம் நடுங்கியது, பதினோரு வீட்டிலும் டி.வி. சத்தம் கூடியது. கூடினவுடனே, என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்துவிட்டது போல, பதினோரு வீட்டிலும் டி.வி. அணைந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? நவாஸ் லுங்கி மடிப்பில் பரோட்டாவை ஒளித்துக்கொண்டு வந்தான். வந்தால், அங்கே ஏற்கெனவே டீச்சர் குடையை விரித்து மறைத்துக்கொண்டு பன் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், வெயிலா?"

"ஆமா நவாஸ். உனக்கு என்ன லுங்கியில எண்ணெய்?"

"கடையில பட்டுருச்சு டீச்சர்."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போனார்கள். சத்தியம் செய்த நாலாம் நாள் கருப்பட்டி முன்னைவிட ஒரு முழம் பெருத்திருந்தது. பிரமு வீட்டுச் சுவரில் கீறல் விட்டது. மூச்சு இப்போது ஊதுகிற அடுப்பு மாதிரிக் கேட்டது.

ஐந்தாம் நாள் பிரமு மாவு திரித்துவிட்டு வரும்போது, வடிவு நாயின் வாய்க்குள் முழங்கை வரை விட்டு நெய்ச்சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நீயே போட்டா எப்படி? அது செத்துப்போகும்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிருக்கால்லா?"

"தெரியும் மதினி."

"அளந்து போடுன்னு சொன்னா கேக்க மாட்டியா?"

"அளந்து போட எனக்குக் கை வரலை மதினி."

"அப்போ மட்டும் வந்துச்சே!"

சொல் வெளியே விழுந்துவிட்டது. பிரமு மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குமேல் தெரிந்த கண், அன்றைக்கு லேசாக வைக்கச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று உறைத்து அப்படியே கலங்கியது. வடிவு கையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக வழித்து நாயின் உதட்டில் தடவிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். கோபமாக வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அந்தச் சொல்லை யாராவது எப்போதாவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தோம் போலிருக்கிறது என்று தோன்றியது. உடம்பெல்லாம் எரிந்தது.

உள்ளே அவள் நின்று யோசித்தது இவ்வளவுதான். போட்டால் நாய் சாகும். போடாமல் இளைக்க வைத்தால் நாய் பிழைக்கும், ஆனால் மடிப்பு மடிப்பாக உள்ளே புதைந்து கிடக்கிற அந்தத் தடம் வெளியே வரும், பதினோரு வீடும் பார்க்கும், கட்டின புருஷனுக்குத் தெரியும். மாமனாருக்கு ஒரு டம்ளர் குறைத்ததுகூட எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று பிரமு சொல்லியிருக்கிறாள். அவர் வாய்க்குக் கொண்டுவந்த இட்லியைத் தட்டிவிட்டது எந்த வீட்டில் நடந்தது?

பரணில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். விளிம்பில் கட்டில் காலில் பட்டுப் பட்டு நெளிந்த இடம் அப்படியே இருந்தது. அவித்த பூசணிக்காயும் கோழியும் இரண்டு டம்ளர் அளந்து தட்டில் போட்டு, நாயின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். நாய் தின்று முடித்தது. வாலை அடித்தது. தொம், தொம், தொம். அவள் எழுந்திருக்கவில்லை, காதைப் பொத்தவில்லை, கையை அதன் மூக்குமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கேட்டாள். இடையில் சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். வெயில் சுவரைத் தாண்டி இறங்கிப் போகிற வரைக்கும் வால் அடித்தது, பிறகு களைத்து நின்றது.

நவாஸ் லுங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"அக்கா, ஒரே ஒரு ஓரம்."

"வேண்டாம் நவாஸ்."

"பாவமா இருக்குக்கா."

"இருக்கட்டும்ப்பா. இங்கேயே உக்காரு, பாவமாத்தான் இருக்கும்."

அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடியாமல் எழுந்து போய்விட்டான். மறுநாளும் வந்து உட்கார்ந்தான். பிறகு டீச்சர் ஒரு முக்காலி கொண்டுவந்தாள். நாய் பசியில் முனகும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த முடுக்கு அப்போதுதான் கற்றுக்கொண்டது. பிரமு மட்டும் ஒரு வாரம் வரவில்லை. பிறகு சுரைக்காயைச் சீவிக்கொண்டுவந்து தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, வடிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கருப்பட்டி இளைத்தது. பெருத்த மாதிரிச் சாண் சாணாக இல்லை, நூல் நூலாக. புரட்டாசியில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம் என்றாயிற்று. ஐப்பசி மழையில் அது எழுந்து நாலு எட்டு நடந்து மண்டிச் சுவரோரம் போய் நின்றது, அன்றைக்குத்தான் அது கிடந்த இடத்தில் காய்ந்த தரை கண்ணுக்குத் தெரிந்தது. தபால்காரர் பதினோரு வீட்டுத் தபாலையும் ஒரே நடையில் கொடுத்தார். பிரமு வற்றல் ஊற்றப் பழையபடி மொட்டைமாடிக்கு ஏறினாள், ஏறும்போது முழங்காலைத் திட்டிக்கொண்டாள். டாக்டரம்மா வந்து கேட்டபோது இதயச் சத்தம் தேடாமலே கிடைத்தது. "யாரு போட்டது?" என்றாள். எல்லோரும் வடிவைக் காட்டினார்கள். "நல்லா பண்ணியிருக்கீங்கம்மா" என்று அவள் சொன்னதும் வடிவுக்கு நின்ற இடத்தில் புதைந்துவிட மாட்டோமா என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு உரிய வேறு ஒருத்தி தன் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

கார்த்திகையில் கழுத்து மடிப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ஒரு காலை பூசணிக்காய் வைக்கக் குனிந்தபோது, கடைசி மடிப்பு போய், தடம் வெளியே தெரிந்தது. மயிர் முளைக்காமல், வெளிறி, சுற்றிலும். அவளுக்குக் கை அனிச்சையாகச் சேலைத்தலைப்புக்குப் போனது. தலைப்பைக் கிழித்து ஒரு பட்டையாகக் கழுத்தில் கட்டிவிட்டால் அழகுக்குக் கட்டினது என்று நினைப்பார்கள். கையை நாயின் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கழுத்தில் ஏதோ சுற்றப் போகிறது என்று தெரிந்ததும் கருப்பட்டி நாலு காலும் நடுங்கிப் பின்னால் போய், நின்ற இடத்தில் சிறுநீர் விட்டது.

வடிவு கையை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நவாஸ்தான் முதலில் பார்த்தான்.

"என்னக்கா இது, கழுத்தைச் சுத்தி?"

"கயிறு."

"யாரு கட்டினது?"

"நான்தான்." தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். நிமிர்ந்து சொல்ல வேண்டியதை முழுசாகச் சொன்னாள். பன் சொன்னாள், இட்லி சொன்னாள், விளக்குமாறு, துவைகல், இருபத்தாறு நாள் எல்லாம் சொன்னாள். நடுவில் குரல் எங்கோ போய்விட்டது, காற்றாகத்தான் வந்தது, அந்தக் காற்றிலேயே சொல்லி முடித்தாள்.

ஒருத்தரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நவாஸ் மண்ணைக் கிளறிக்கொண்டு, "அந்த பன்னு என் கடையிலதான் எடுத்துச்சு. கல்லைத் தூக்கி எறிஞ்சேன். திங்காமக் கவ்விக்கிட்டே ஓடுச்சு. ஏன் திங்காம ஓடுதுன்னு நினைச்சேன், எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா" என்றான். டீச்சர் ஜெபம் செய்கிற மாதிரிக் கையைக் கோத்துக்கொண்டு, ஆனால் ஜெபம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பிரமு திரும்பிப் பார்க்கவே இல்லை, அவள் தோள் மட்டும் குலுங்கியது.

தளவாய் அப்போதுதான் டிப்போவிலிருந்து வந்து, கையில் சோற்று வாளியோடு பின்னால் நின்றிருந்தான். கேட்டுவிட்டான் என்று அவன் முகத்தில் இருந்தது. முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, கிரீஸ் படிந்த விரலால் அந்தத் தடத்தைத் தொடாமல் அதன் மேலே ஒரு சுற்றுக் காட்டினான்.

"இந்தக் கயிறு நான் வாங்கிட்டு வந்தது. பச்சைக் கயிறு ஒண்ணு வேணும்னு சொன்ன. கொடி கட்டவான்னு நான் கேக்கலை. கேட்டா சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் நேரே பார்த்துக்கொள்ள வெகுநாள் பிடித்தது.

மார்கழி பிறந்தபோது கருப்பட்டி மற்ற நாய்களைப் போல ஒரு நாய், கருப்பட்டி நிறத்தில், விலா தெரிந்தும் தெரியாமலும். புதிதாகக் குடிவந்தவர்களிடம் அது முடுக்கை அடைத்துக் கிடந்த கதையைச் சொன்னால், "அப்படியா, இங்கே தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்கள். கழுத்துத் தடத்தைப் பற்றி யாராவது கேட்டால் வடிவு, "நான் கட்டினது" என்று சொல்லிவிடுவாள். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை மாதிரியே முகம் எரியும். எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்படி ஒரு காலை. சுரைக்காயும் பீன்ஸும் கோழியும் இரண்டு டம்ளர் அளந்து தட்டில் வைத்து, வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருப்பட்டி தின்றது. தின்றுகொண்டே வந்து நிறுத்தியது. தட்டில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி நடந்து மண்டிச் சுவரின் வெயிலில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"தின்னு கருப்பட்டி, இன்னும் இருக்கு" என்றாள்.

அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கையால் அளந்து வைத்ததில் மிச்சம் விழுந்து அவள் பார்த்ததே இல்லை. அந்தத் தட்டை எடுத்துக் கழுவ வேண்டும், மிச்சத்தைச் சாக்கடையில் தட்ட வேண்டும், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பிரமு வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போகிறவள் நின்றாள்.

"என்ன வடிவு, இன்னும் வாசல்லயே உக்காந்திருக்க?"

"மிச்சம் வச்சிருக்கு மதினி."

"வச்சா எடுத்துக் கொட்டு."

"வயிறு நிறைஞ்சு மிச்சம் வச்சிருக்கு மதினி."

பிரமு தட்டைப் பார்த்தாள், வெயிலில் தூங்குகிற நாயைப் பார்த்தாள், வடிவின் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோனது. சுவரடியிலிருந்து எறும்பு ஒன்று வந்து தட்டின் விளிம்பில் ஏறியது, இறங்கிப் போனது, பின்னால் ஒரு வரிசையையே அழைத்துக்கொண்டு வந்தது. வடிவு தன் கால் அந்த வழியில் இருப்பதைப் பார்த்துக் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.